துப்பறியும் கதைகளை வைத்துத் தர்க்கமாக யோசிக்கப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

துப்பறியும் கதைகளை நூற்றுக்கணக்கில் படித்துத் தள்ளியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு சாதாரணச் செய்தியைக் கொடுத்து, இதில் எது நிச்சயம், எது ஊகம் என்று கேட்டால் பலருக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. காரணம் எளிது. கதையில் யோசிக்கிற வேலையை எல்லாம் துப்பறிபவர் பார்த்துக்கொள்கிறார், நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம், கடைசியில் அவர் விளக்கும்போது "அட, ஆமாம்ல!" என்று வியந்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறோம். அந்த வியப்பு சுகமானதுதான். அதில் தப்பே இல்லை, ஆனால் அது பயிற்சி ஆகாது.

பயிற்சி நடப்பது ஒரே இடத்தில்தான்: விடை வருவதற்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுதி வைக்கும்போது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடத்துக்கு உங்களைத் தயார்ப்படுத்தவும், அப்புறம் அங்கிருந்து திரும்பிப் பார்க்கவும்தான். ஒரு நோட்டு, ஒரு பேனா, சரியான சில கதைகள் போதும்.

முதல் படி: நேர்மையான கதையாகத் தேர்ந்தெடுங்கள்

எல்லா மர்மக் கதையும் இதற்கு உதவாது. கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்து, துரத்தலும் பதற்றமுமாக ஓடுகிற திரில்லர்களைத் தள்ளி வையுங்கள். நமக்கு வேண்டியது, துப்பறிபவர் பார்த்த ஒவ்வொரு தடயத்தையும் வாசகருக்கும் காட்டிவிடுகிற கதை. 1920களிலும் 30களிலும் இந்த நேர்மை கிட்டத்தட்ட ஒரு விளையாட்டு விதியாகவே இருந்தது. துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். கண்டெடுத்த துப்புகளைத் துப்பறிபவர் வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதே ஆண்டில் வெளிவந்த எல்லரி குவீனின் முதல் நாவலில், கடைசிப் பகுதிக்கு முன்பு கதையை நிறுத்தி, தேவையான தகவல் எல்லாம் உங்களிடம் இருக்கிறது, இப்போது நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்கு ஒரு சவால் வைக்கப்பட்டிருக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று புத்தகமே சொல்லிவிடுவதால் இந்த முறைக்கு அது கச்சிதமானது. அகதா கிறிஸ்டியின் நாவல்களும் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பல நேர்மையான புதிர்கள் அல்ல, முக்கியமான தகவல் ஹோம்ஸின் வாயிலிருந்து கடைசியில்தான் வரும். ஆனாலும் ஒரு சின்னத் தடயத்திலிருந்து முடிவுக்கு எப்படித் தாவுகிறார்கள் என்பதை எடுத்துவைத்துச் சோதிக்க அவற்றைவிட நல்ல பொருள் கிடையாது. 56 சிறுகதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அவற்றில் தொடங்குங்கள், கை பழகியதும் நாவலுக்குப் போங்கள்.

படமாக எடுக்கப்பட்ட கதையைப் பார்க்காமல் படிப்பது நல்லது. கேமரா ஒரு பொருள் மேல் இரண்டு நொடி நின்றாலே அது துப்பு என்று தெரிந்துவிடும். கவனிப்பதுதான் நாம் பழக வேண்டிய முதல் விஷயம், அதையே கேமரா செய்துவிட்டால் நமக்கு என்ன மிச்சம்?

இரண்டாம் படி: பார்த்தது, சொன்னது, நினைத்தது

நோட்டில் ஒரு பக்கத்தை நெடுவாக்கில் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவதில் கதை நேரடியாகக் காட்டியவை மட்டும்: கதவு பூட்டியிருந்தது, கோப்பையில் பாதிக் காபி இருந்தது. இரண்டாவதில் யாரோ ஒருவர் சொன்னவை, கட்டாயம் சொன்னவர் பெயரோடு. மூன்றாவதில் உங்களுக்குத் தோன்றியவை.

பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பலன் தருவது இந்தப் பழக்கம்தான் என்பேன். "பத்து மணிக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது" என்று எழுதினால் அது உண்மையாகவே மனதில் உட்கார்ந்துவிடும். "பத்து மணிக்குச் சத்தம் கேட்டதாகச் சமையல்காரர் சொல்கிறார், அது துப்பாக்கிச் சத்தம் என்று அவர் நினைக்கிறார்" என்று எழுதிப் பாருங்கள். உடனே கேள்விகள் முளைக்கும். அவருக்கு மணி எப்படித் தெரியும்? இதற்கு முன் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறாரா?

எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் கேட்ட ஒரு கீச்சுக் குரலைப் பற்றிச் சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் ஸ்பானிஷ் என்கிறார், ஒருவர் இத்தாலியன், இன்னொருவர் ரஷ்யன். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் குழப்பம். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத மொழியைத்தான் சொல்கிறார், யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அந்த வாக்குமூலங்களிலிருந்து ஊகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுகிற உண்மை அதுதான், கதையின் திறவுகோலும் அதுதான்.

பொய் சொல்லாத சாட்சியும் தவறலாம் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் ஆய்வாகவே செய்து காட்டினார்கள். ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக்காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், வேறு சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, மோதியதாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், நொறுங்கியதாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

மூன்றாம் படி: எந்த வகைத் தாவல் என்று பாருங்கள்

ஒரு தடயத்திலிருந்து ஒரு முடிவுக்குப் போகும்போது நடுவில் எப்போதும் சொல்லப்படாத ஒரு பொது விதி ஒளிந்திருக்கும். அதை வெளியே இழுத்து எழுதுங்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுப்படியைப் போல. முடிவு, காரணம், விதி, எடுத்துக்காட்டு எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. போலிக் காரணங்களையும் அதே காதை வரிசைப்படுத்துகிறது. தெரிவது நீராவியா பனியா என்ற சந்தேகமே தீராதபோது, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது அவற்றில் ஒன்று. துப்பறியும் கதையில் வாசகர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: விதி சரியாக இருக்கும், ஆனால் தடயம் என்று நினைத்தது தடயமே அல்ல.

விதி எவ்வளவு கெட்டியானது என்பதைப் பொறுத்து முடிவின் பலம் மாறும். விதிவிலக்கே இல்லாத விதி என்றால் முடிவும் தப்ப முடியாது: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது. பல தடவை பார்த்ததால் வந்த விதி என்றால் முடிவு அநேகமாக உண்மை, அவ்வளவுதான். மூன்றாவது வகையில், கண்ணெதிரே உள்ளதற்குப் பொருத்தமான ஒரு விளக்கத்தை நாமே முன்வைக்கிறோம். சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதற்கு அப்டக்‌ஷன் என்று பெயர் வைத்தார். ஹோம்ஸ் டிடக்‌ஷன் (அதாவது தப்ப முடியாத அந்த முதல் வகை) என்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் இந்த மூன்றாவது வகைதான், அதாவது நல்ல ஊகம்.

1892இல் வந்த 'தி ப்ளூ கார்பங்கிள்' கதையில் ஹோம்ஸ் ஒரு பழைய தொப்பியைப் பார்த்தே அதன் சொந்தக்காரரைப் பற்றி வரிசையாகச் சொல்வார். விலை உயர்ந்த தொப்பி, ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய மோஸ்தர், அதன்பின் புதிது வாங்கவில்லை, அதனால் முன்பு வசதியாக இருந்து பிறகு நொடித்தவர். இது நல்ல ஊகம், ஆனாலும் அவருக்கு அந்தத் தொப்பியே பிடித்துப்போயிருக்கலாம். தொப்பி வாரக்கணக்கில் தூசி தட்டப்படவில்லை, அதனால் மனைவிக்கு அவர்மேல் அன்பு போய்விட்டது. இது பலவீனம், மனைவி நோயில் படுத்திருந்தால்? தொப்பி பெரியது, அதனால் பெரிய மூளை, அதனால் அறிவாளி. விதியே தப்பு என்பதால் இது விழுந்துவிடும். கதையில் ஹோம்ஸ் சொன்னது சரியாக வருகிறதே என்றால், ஆசிரியர் அப்படி எழுதியதால் வருகிறது. இந்தத் தொப்பிக் காட்சியை எடுத்துவைத்து, ஒவ்வொரு முடிவுக்கும் ஒளிந்திருக்கும் விதியையும் குறைந்தது ஒரு மாற்று விளக்கத்தையும் எழுதிப் பாருங்கள். ஒரு முழு நாவல் படிப்பதைவிட அதில் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

நான்காம் படி: குறைந்தது மூன்று பேர்

முதலில் யார்மேல் சந்தேகம் வருகிறதோ அவருக்கு எதிராகவே மனம் சான்று சேர்க்க ஆரம்பித்துவிடும். உளவியலாளர் பீட்டர் வாசன் 1960இல் இதை ஒரு எளிய சோதனையில் காட்டினார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை, நீங்களும் மும்மூன்று எண்ணாகச் சொல்லிச் சோதித்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் 8, 10, 12 என்பது போலத் தங்கள் ஊகத்துக்குப் பொருந்துகிறவற்றையே சொல்லி, இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடிவு கட்டினார்கள். உண்மையான விதி ஏறுவரிசை, அவ்வளவுதான். 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவர்கள் ஊகம் உடைந்திருக்கும், ஆனால் உடைக்கிற கேள்வியைக் கேட்க மனம் வருவதில்லை.

அதனால் கதையின் பாதியில் நின்று, மூன்று சந்தேக நபர்களையாவது எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும், இவர் செய்யவில்லை என்று நிரூபிக்க என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மீதிக் கதையை அந்த வரியைத் தேடிக்கொண்டே படியுங்கள். ஒரே சான்றுகளிலிருந்து எத்தனை முடிவு கட்ட முடியும் என்று பார்க்க ஆசையிருந்தால் ஆண்டனி பெர்க்லி 1929இல் எழுதிய 'தி பாய்சன்டு சாக்லேட்ஸ் கேஸ்' நாவலைப் படியுங்கள். ஒரே கொலைக்கு ஆறு பேர் ஆறு விடை சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: இல்லாததைத் தேடுங்கள்

1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில் இரவில் லாயத்திலிருந்து ஒரு குதிரை காணாமல் போகிறது, காவல் நாய் குரைக்கவே இல்லை. வந்த ஆள் நாய்க்கு நன்றாகத் தெரிந்தவர் என்று ஹோம்ஸ் முடிவு செய்கிறார். நடக்காத ஒன்று தானாகக் கண்ணில் படாது, அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஊகத்துக்கும், இது உண்மையானால் வேறு என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தால், அந்தப் பட்டியலில் காணாமல் போனவை தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு புதிரை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர் தன் படிப்பறையைவிட்டு வெளியே வருகிறார். விலை உயர்ந்த பழைய கைக்கடிகாரம் மேஜைமேல் இருந்ததாகவும், ஜன்னலை உள்ளே தாழிட்டதாகவும் சொல்கிறார். ஆறேகாலிலிருந்து எட்டு வரை பேய்மழை. அண்ணன் மகன் ஏழு மணிக்கு வெளியே போய் ஒன்பதுக்குத் திரும்புகிறான், இடைப்பட்ட நேரம் முழுக்க நாலு பேரோடு இருந்திருக்கிறான். விருந்தாளி வந்தது எட்டேகாலுக்கு. காரியதரிசி மாலை முழுக்க வீட்டில்தான். "ஏழரைக்குத் தாழ்வாரத்தில் போனபோது படிப்பறை ஜன்னல் விரியத் திறந்திருந்ததைப் பார்த்தேன்" என்கிறார். ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஜன்னல் திறந்திருக்கிறது, கடிகாரம் இல்லை. ஜன்னலை ஒட்டிய மேஜையில், ஆறு மணிக்கு வைத்த தாள்கள் மை கலையாமல் அப்படியே இருக்கின்றன. தாழ்ப்பாள் நெம்பப்படவில்லை, கண்ணாடி உடையவில்லை, தரையில் சேறு இல்லை. பக்கத்து அறையில், அதே சுவரில் உள்ள ஜன்னல் சாயங்காலம் முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது, அங்கே தரையெல்லாம் தண்ணீர்.

இங்கே நிறுத்தி நீங்களே எழுதிப் பாருங்கள். அப்புறம் கீழே வாருங்கள்.

தாள்கள் நனையவில்லை, அதனால் மழையின்போது ஜன்னல் மூடியிருந்தது. சாரல் அந்தப் பக்கம் அடிக்கவில்லை என்று சொல்லலாமா? பக்கத்து அறைத் தரை அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே ஜன்னல் எட்டுக்குப் பிறகுதான் திறக்கப்பட்டது, காரியதரிசி சொன்னது தவறு. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் "பொய் சொன்னார், அவர்தான் திருடர்" என்று முடித்துவிடுவார்கள். பொறுங்கள். பக்கத்து அறை ஜன்னல் ஏழரைக்கு உண்மையிலேயே திறந்துதான் இருந்தது. தாழ்வாரத்தில் போகிற போக்கில் பார்த்தவர் அறையை மாற்றிச் சொல்லியிருக்கலாம். தவறான வாக்குமூலம் வேறு, பொய் வேறு. அதேபோல் பொய் வேறு, திருட்டு வேறு.

அடுத்தது, தாழ்ப்பாளும் கண்ணாடியும் சேதமில்லாததால் ஜன்னலை உள்ளே இருந்த யாரோ திறந்திருக்கிறார்கள். எட்டிலிருந்து ஒன்பது வரை வீட்டில் இருந்தவர்கள் காரியதரிசி, விருந்தாளி, வீட்டுக்காரர். அண்ணன் மகன் ஜன்னலைத் திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் திறந்த நேரம்தான் கடிகாரம் போன நேரம் என்று யார் சொன்னது? ஆறிலிருந்து ஏழுக்குள் அவன் எடுத்திருக்கலாம், வேறொருவர் பிறகு எதற்காகவோ ஜன்னலைத் திறந்திருக்கலாம். ஆறு மணிக்குக் கடிகாரம் அங்கே இருந்தது என்பதற்கே வீட்டுக்காரரின் வார்த்தை ஒன்றுதான் சாட்சி. ஆக, ஜன்னலைப் பற்றி நமக்குக் கெட்டியான முடிவு இருக்கிறது, கடிகாரத்தைப் பற்றி எதுவுமே இல்லை. இந்த இரண்டையும் தனித்தனியாக எழுத வந்துவிட்டதென்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ஆறாம் படி: மூடுங்கள், எழுதுங்கள், திறங்கள்

எல்லாரையும் ஒரே அறையில் கூட்டிவைத்துத் துப்பறிபவர் தொண்டையைச் செருமும் நேரம் வந்ததும் புத்தகத்தை மூடுங்கள். யார், எப்படி, ஏன், எந்தத் தடயத்தை வைத்து, எத்தனை சதவீதம் நிச்சயம் என்று எழுதுங்கள். சதவீதம் போடுவதை விட்டுவிடாதீர்கள். பல கதைகளுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால், 90 போட்ட இடங்களில் பாதிதான் சரியாக இருந்தது என்பது போன்ற விஷயம் அந்த எண்களில்தான் தெரியும்.

இதில் ஒரு விதி இருக்கிறது. "இவர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால் இவர்தான்" என்று எழுதக் கூடாது. அது ஆசிரியரின் உத்தியைப் படிப்பது, தடயத்தைப் படிப்பது அல்ல. பெயர் சரியாகி வழி தப்பாக இருந்தால் அதைத் தோல்வியாகவே குறியுங்கள். பெயர் தப்பி, வழியில் ஒரே கண்ணி மட்டும் விட்டுப்போயிருந்தால் அது நல்ல முயற்சி.

ஏழாம் படி: விடை தெரிந்தபின் மறுபடி படியுங்கள்

யாருக்கும் இதில் ஆர்வம் இருக்காது, ஆனால் தவிர்க்காதீர்கள். முழுக் கதையும் வேண்டாம், துப்புகள் வந்த பக்கங்கள் போதும். அவை எப்படி உங்கள் கண்ணில் மண்ணைத் தூவின என்று பாருங்கள். நீளமான பட்டியலின் நடுவில் ஒரு பொருளாக வந்திருக்கும், அல்லது அடுத்த வரியிலேயே யாரோ அலறியிருப்பார்கள், அல்லது நீங்கள் மதிக்காத ஒரு பாத்திரம் உளறலாகச் சொல்லியிருக்கும். எந்த வகையில் அடிக்கடி ஏமாறுகிறீர்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். சொல்கிறவர் யார் என்பதை வைத்துச் சொன்னதை எடைபோடுகிற பழக்கம் பலருக்கு அங்கேதான் முதல் தடவையாகப் பிடிபடும்.

எட்டாம் படி: கதைக்கு வெளியே கொண்டுபோகும்போது

கதையில் ஒவ்வொரு தடயமும் ஏதோ காரணத்துக்காக வைக்கப்பட்டது, குற்றவாளி கட்டாயம் நமக்கு அறிமுகமானவர், விடை கட்டாயம் உண்டு. வெளியே இந்த மூன்றுமே கிடையாது. பாதித் தகவல் தற்செயல், விளக்கம் நமக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம், விடை வராமலே போகலாம். அதனால் நடைமுறையில் "தெரியவில்லை" என்பதையும் சந்தேக நபர்களோடு ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றி இருப்பவர்களைச் சட்டை மடிப்பை வைத்து எடைபோடக் கிளம்ப வேண்டாம். அது மனிதர்களைப் புண்படுத்தும், பெரும்பாலும் தப்பாகவும் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் தகவல், விளம்பரம், சூடான ஒரு செய்தி, இவற்றில் மூன்று பத்திப் பக்கத்தைப் போட்டுப் பாருங்கள். யார் பார்த்தார், யார் சொன்னார் என்று பிரித்த உடனேயே பல செய்திகள் காற்றுப் போன பலூனாகிவிடும்.

மனம் எதை நம்ப ஆசைப்படுகிறதோ அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் ஆவியுலகத்தை ஆழமாக நம்பியவர். 1917இல் இரண்டு சிறுமிகள் தேவதைகளோடு எடுத்ததாகச் சொன்ன புகைப்படங்களை உண்மை என்றே நம்பி 1920இல் பத்திரிகையில் எழுதினார், பிறகு புத்தகமாகவும் போட்டார். அவை காகிதத்தில் வெட்டிய உருவங்கள் என்று 1980களில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உங்கள் நோட்டில் மூன்றாவது பத்தியின் ஓரத்தில், இது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையா என்று ஒரு கேள்வியை நிரந்தரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: நீங்களே ஒரு புதிர் எழுதுங்கள்

வாரத்துக்கு ஒரு சிறுகதை, மாதத்துக்கு ஒரு நாவல் என்று போனால் போதும், வேகம் முக்கியமில்லை. கொஞ்சம் பழகியபின் ஒரு பக்கத்தில் சொந்தப் புதிர் ஒன்றை எழுதிப் பாருங்கள். விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: என்ன நடந்தது, அது என்ன தடயம் விட்டிருக்கும், யார் எதைத் தவறாகப் பார்த்திருப்பார்கள். எழுதியதை விடை சொல்லாமல் நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் நினைக்கவே நினைக்காத ஓர் ஆளைக் காட்டி, எல்லாத் துப்பும் இவருக்கும் பொருந்துகிறதே என்று அவர் கேட்டால் வாதாடாதீர்கள். எந்த ஒரு வரியைச் சேர்த்தால் அந்த வழி அடைபடும் என்று தேடுங்கள். அது கிடைத்ததும் மறுபடி அவரிடமே கொடுங்கள்.